காஞ்சோன்றி: ஊர் மாறினால் இலையும் மாறும்

லுணுகலை மலைச்சரிவில் புல் வெட்டுவோர் காஞ்சோன்றியை அறிவர். சிங்களத்தில் கஹம்பிலியா. அதன் சுணை ஊசிபோல் தோலில் ஏறி, அரிப்பும் எரிச்சலும் தரும்.

நோகும் மூட்டில் சுணையிலை வைப்பது பல நாடுகளின் பழைய வைத்தியம். இங்கிலாந்தின் பிளிமத் நகர ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கைப்பெருவிரல் அல்லது சுட்டுவிரல் அடிமூட்டு நோவுள்ள 27 பேர் ஒரு வாரம் தினமும் ஒரு தடவை அந்நாட்டுச் சுணையிலையை வைத்தனர். சுணையற்ற இலை வைத்த வாரத்தைவிட நோவு அதிகம் குறைந்தது.

முன்னோர் கைப்பழக்கம் வெறும் மூடநம்பிக்கையல்ல. ஆனால் அந்தச் செடி வேறு, நம் காஞ்சோன்றி வேறு. இரண்டும் ஒரே தாவரக் குடும்பமும் அல்ல. ஊரைவிட்டு இடம்பெயர்ந்து வந்தோர் இதைக் கவனிக்கவேண்டும்: பழைய ஊர் இலையைப்போல் இருப்பதெல்லாம் அதே இலையல்ல. இவ்விடத்து மூலிகை அறிந்த வைத்தியரிடம் காட்டாமல் தேய்க்காதீர்கள். புண்ணிலும் குழந்தைகள் மேலும் வேண்டவே வேண்டாம். மூட்டு வீங்கிக் காய்ச்சலும் கண்டால், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.