காய்ச்சல் வந்தா காத்திருக்காதீங்க!

நம்ம அவிநாசிபாளையத்துல காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவோம்? மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு பனியன் கம்பெனிக்குக் கிளம்பிடுவோம். ஆனா ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவருக்கு அந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்து.

1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் சேர்ந்து கொண்டுவந்த எம்சிபி 841 கீமோ முறை பல குழந்தைகளைப் பிழைக்க வைத்தது. ஆனால் சிகிச்சையின்போது வரும் கிருமித்தொற்று அன்றும் இன்றும் பெரிய சவால். காரணம், கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களையும் கீமோ குறைத்துவிடும். அவை குறைந்தால் சீழ், வீக்கம்கூடத் தெரியாமல் போகலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அலாரம். பாராசிட்டமால் போட்டால் அந்த அலாரமும் அணைந்துவிடும்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே, நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போகணும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். பக்கத்து வீட்டுல அப்படி யாராவது இருந்தா, வண்டியோட ரெடியா இருங்க நண்பர்களே!