கொசுப்பொறியும் கொசுவின் குணமும்

டில்லிவாழ் நம்மவர் வீடுகள் பலவற்றில் நீல விளக்குக் கொசுப்பொறி தொங்குவதைக் காண்கிறோம். இரவெல்லாம் பூச்சிகள் அதில் விழுந்து மடிகின்றன. ஆயினும் டெங்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. காரணம் யாது?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விளக்கொளியை நாடுவது அரிது. இரவில் திரியும் மலேரியாக் கொசுவையும் யானைக்கால் கொசுவையும் கணக்கெடுக்க, விசிறி பொருத்திய விளக்குப் பொறியை ஆய்வாளர் கையாளுகின்றனர். நம் வீட்டு நீல விளக்கில் மடிபவையோ பெரும்பாலும் தீங்கற்ற பூச்சிகளே.

ஏடிஸுக்கு ஏற்றது முட்டைப் பொறி. கருநிறக் குவளையில் பாதியளவு நீர். உள்ளே சொரசொரப்பான பலகைத் துண்டு ஒன்று. அதன் ஈர விளிம்பில் பெண் கொசு முட்டையிடும். வாரந்தோறும் எடுத்து எண்ணினால், தெருவில் ஏடிஸ் உண்டா என்பது புலனாகும். எண்ண மறந்தாலோ, பத்து நாளில் பொறியே கொசு வளர்க்கும் தொட்டிலாகிவிடும்! இக்குறை நீங்கவே பின்னாளில் பசைப் பொறி வந்தது. போர்ட்டோ ரிக்கோவில் வீட்டுக்கு மூன்றாக வைத்தபோது ஏடிஸ் வெகுவாகக் குறைந்தது.

ஆனால், கூலரில் நீர் தேங்கி நிற்கையில் கொசு நம் குவளையைத் தேடி வருமா? கூலர்த் தொட்டியை வாரம் ஒருமுறை வடித்து, உட்சுவரை நன்கு தேய்த்துக் கழுவுவோம். வெறுமனே உலரவிடுதல் போதாது. ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும்.