சினைப்பைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் தெருவில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் கூடினால், அதில் ஒருத்தராவது கர்ப்பப்பையை எடுத்தவராக இருக்கிறார். "அதான் பிள்ளை பெத்தாச்சே, இனி அது எதுக்கு?" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 41 வயசில் ஆபரேஷன். டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துச் சொன்ன பிறகுதான், இரண்டு சினைப்பையும் போன விஷயம் அவருக்கே தெரிந்தது!

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் மாதவிலக்குக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், தோழிகளே. ரத்தக் குழாயின் உள்சுவரை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்க வைப்பதும் அதுதான். அதனால் குழாய் இறுகாமல் விரிந்து கொடுக்கும். கல்லீரலிலும் அதற்கு வேலை உண்டு. ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் குறைத்து, நல்ல கொழுப்பைக் கூட்டும். ஆண்களைவிட நமக்கு மாரடைப்பு சில வருஷம் தள்ளி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

மாதவிலக்கு தானாக நிற்கும்போது இந்த ஹார்மோன் படிப்படியாகக் குறையும். சினைப்பையை வெட்டி எடுத்தாலோ சில நாளிலேயே சடாரென்று விழுந்துவிடும். அமெரிக்காவில் லட்சத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை வைத்து 1976-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டு, ஹார்மோனும் சாப்பிடாதவர்களுக்கு இதய நோய் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 1987-ல் அதில் தெரிய வந்தது.

"அப்போ எல்லாரும் மாத்திரை போட்டுக்கலாமே?" என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். ஆண்களுக்குக்கூட ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்து (வேடிக்கைதான்!), மாரடைப்பு கூடியதால் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த ஆராய்ச்சியை 2002-ல் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள். மார்பகப் புற்று, பக்கவாதம், மாரடைப்பு எல்லாமே கூடியிருந்தது. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயசு 63. குழாயில் கொழுப்பு படிந்த பிறகு கொடுக்கிற மாத்திரை, ரத்தத்தை உறைய வைத்து உபத்திரவம்தான் செய்யும்.

41 வயசுக்காரர் சங்கதி வேறு. புற்றுநோய், ரத்தக்கட்டு மாதிரி தடை எதுவும் இல்லையென்றால், ஐம்பது வயசு வரைக்குமாவது ஹார்மோன் கொடுப்பது நல்லது என்பதுதான் நிபுணர்கள் கருத்து. அதை டாக்டர் எழுதித் தர வேண்டும். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்குகிற சமாசாரம் இல்லை.

கட்டி, பரம்பரைப் புற்றுநோய் என்று சினைப்பையை எடுத்தே ஆகவேண்டிய கேஸும் உண்டு, அதற்கு மறுப்பில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன்னால், "டாக்டர், சினைப்பையையும் எடுப்பீங்களா? எதுக்கு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டுக்காரர் கேட்பார் என்று இருக்காதீர்கள்.

அக்கா இப்போது பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் தவறாமல் பார்த்துக்கொள்கிறார். மாரடைப்பு வந்தாலும் நமக்கு நெஞ்சு வலிதான் வரணும் என்றில்லை. மூச்சு வாங்கலாம், தாடையோ முதுகோ வலிக்கலாம், குமட்டலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்படி வந்தால் வாயுப் பிடிப்பு என்று சுக்குக் கஷாயம் வைக்காமல், உடனே ஈ.சி.ஜி. எடுக்கப் போகணுமாம்.

- ஒரு வாசகி, கும்பகோணம்