நின்றுபோன மானியமும் நீங்காத விதிகளும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றபோது, இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்து வாங்க எனக்கு மூன்று நாள்கள் ஆயின. மேசை, நாற்காலி, ஆய்வகப் பொருள்கள் எல்லாம் கணக்குக்கு ஒத்துவந்தன. மாடிப்படிக்குக் கீழே துணி போர்த்தி வைத்திருந்த ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் மட்டும் வேலை நின்றது. எப்போதோ ஒரு திட்டத்தில் வந்த பெட்டி அது. திட்டம் முடிந்துவிட்டது. அதைக் கவனித்த பிரிவும் இப்போது இல்லை. ஆனால் "முன் அனுமதியின்றி இடம் மாற்றவோ அப்புறப்படுத்தவோ கூடாது" என்ற நிபந்தனை மட்டும் பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் அப்படியே இருந்தது. அனுமதியை யாரிடம் கேட்பது? எனக்கு முன்னிருந்த தலைமையாசிரியர்கள் அந்தக் கேள்விக்கு விடை தேடாமல், பெட்டியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. நான் சமூக அறிவியல் ஆசிரியனாக இருந்து வந்தவன். சட்டம், விதி, நிதி ஒதுக்கீடு மூன்றும் வேறு வேறு என்று மாணவர்களுக்குப் புரியவைக்க நல்லதோர் எடுத்துக்காட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அமெரிக்காவின் பொது ஒலிபரப்பு, ஒளிபரப்பு நிலையங்களுக்கான மானிய விதிகளைப் பற்றிப் படித்தேன். நம் வகுப்பறையோடு தொடர்புள்ள கதை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1952ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் தொலைக்காட்சி அலைவரிசைகளைப் பங்கிட்டது. வணிக ஒளிபரப்பு நிறுவனங்கள் கல்விக்கென ஒதுக்குவதை எதிர்த்தன. ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினரான ஃப்ரீடா ஹென்னாக், ஒரு பகுதியைக் கல்விக்கென்று ஒதுக்கியே ஆகவேண்டும் என்று வாதாடினார். 242 அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மே மாதம் ஹூஸ்டன் நகரில் முதல் கல்வித் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. ஆனால் மற்ற ஊர்களில் வேகம் வரவில்லை. அலைவரிசை இலவசமாகக் கிடைத்தாலும் டிரான்ஸ்மிட்டரும் கோபுரமும் ஆன்டெனாவும் கேமராவும் இலவசமாகக் கிடைக்காது அல்லவா? பள்ளி நிர்வாகங்களாலும் பல்கலைக்கழகங்களாலும் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. மனை கொடுத்துவிட்டு வீட்டை நீயே கட்டிக்கொள் என்று சொன்னது போலத்தான்.

அதனால் 1962 மே 1ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடி கல்வித் தொலைக்காட்சி வசதிகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர். எந்த ஒரு மாநிலத்துக்கும் 10 லட்சம் டாலருக்கு மேல் இல்லை. நிலையமும் தன் பங்குக்குப் பணம் போடவேண்டும்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பணம் கருவிக்கு மட்டும்தான், நிகழ்ச்சிக்கு இல்லை. இது கஞ்சத்தனத்தால் வந்ததன்று. பாடத்தில் என்ன சொல்லவேண்டும் என்பதில் மத்திய அரசு தலையிட்டுவிடுமோ என்ற அச்சம் அங்கே ஆழமானது. அதனால், நிகழ்ச்சியில் அரசுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கரும்பலகையை அரசு வாங்கித் தரும், அதில் எழுதுவதை ஆசிரியர் முடிவு செய்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1967இல் லிண்டன் ஜான்சன் காலத்தில் பொது ஒலிபரப்புச் சட்டம் வந்தது. கருவி மானியம் வானொலிக்கும் விரிந்தது. 1978இல் இந்தப் பொறுப்பு கல்வி, சுகாதாரத் துறையிலிருந்து வணிகத் துறைக்கு மாறி, அங்கே புதிதாக அமைந்த தேசியத் தொலைத்தொடர்பு, தகவல் நிர்வாகத்திடம் போனது. கருவிச் செலவில் அதிகபட்சம் 75 விழுக்காடு வரை தரலாம் என்றும் ஆனது.

சட்டம் சில பக்கங்கள்தான். அதை நடத்துவதற்கு விதிகள் வேண்டும். யார் விண்ணப்பிக்கலாம், கடைசி நாள் எது, எத்தனை படிகள் அனுப்பவேண்டும், யாருக்கு முன்னுரிமை என்பதையெல்லாம் துறை தன் விதிகளில் எழுதியது. கூட்டாட்சி விதித் தொகுப்பில் வணிகத் துறைக்குரிய 15ஆம் தலைப்பில் 2301ஆம் பகுதியாக அவை இடம்பெற்றன. இதுவரை எந்தச் சமிக்ஞையும் எட்டாத பகுதிக்கு முதல் வானொலியோ தொலைக்காட்சியோ கொண்டுபோவதற்கு முதல் இடம். வேறு நிலையமே இல்லாத ஊரில் பழுதாகும் நிலையில் உள்ள கருவியை மாற்றுவதற்கு அடுத்த இடம். ஏற்கெனவே நன்றாக நடக்கும் நிலையம் இன்னும் மேம்படுவதற்குக் கடைசி இடம். வரிசையைப் பார்த்தாலே யாரை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பது தெரிகிறது.

மானியம் வாங்கியவருக்கு நீண்ட கடமை ஒன்றும் இருந்தது. அந்தக் கருவியைப் பத்து ஆண்டுகளுக்குப் பொதுச் சேவைக்கே பயன்படுத்தவேண்டும். நடுவில் நிலையத்தை வணிக நிறுவனத்துக்கு விற்றாலோ, கருவியை வேறு வேலைக்குத் திருப்பினாலோ, அரசு தன் பங்கைத் திரும்பக் கேட்கலாம். அதாவது பத்து ஆண்டுகள் வரை அந்தக் கோபுரத்தில் அரசுக்கும் ஒரு கை உண்டு.

விதியின் ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூயார்க்கில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். ஃபோர்டாம் பல்கலைக்கழகம் கத்தோலிக்க மரபில் வந்தது. அதன் வானொலி ஞாயிறுதோறும் ஒரு மணிநேரம் தேவாலயத் திருப்பலியை ஒலிபரப்பிவந்தது. புதிய கோபுரத்துக்கு மானியம் கேட்டபோது, சமயக் காரியத்துக்குக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியைக் காட்டி விண்ணப்பத்தை ஏற்க மறுத்தார்கள். வாரம் முழுக்க ஓடும் ஒலிபரப்பில் ஒரு மணிநேரம்! பல்கலைக்கழகம் வழக்குத் தொடுத்தது. 1994இல் மாவட்ட நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் அடுத்த ஆண்டே துறை தன் கொள்கையைத் தானே மாற்றிக்கொண்டது. சமய நிகழ்ச்சியே முதன்மையாக இல்லாதவரை மானியம் பெறலாம் என்றானது. நீதிமன்றத்தில் வென்ற பிறகும் விதியைத் திருத்திய துறைகளை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

இனி முடிவுக்கு வருவோம். 2009 ஜூன் 12 அன்று அங்கே முழுத்திறன் நிலையங்கள் எல்லாம் அனலாக் தொலைக்காட்சியை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறின. அந்த மாற்றத்துக்கும் இந்த மானியம் உதவியது. 2010இல் கடைசி மானியங்கள் வழங்கப்பட்டன. 2011 நிதியாண்டிலிருந்து நாடாளுமன்றம் பணம் ஒதுக்கவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுத் திட்டம் அதோடு நின்றது.

ஆனால் பணம் நின்றதால் விதி நிற்கவில்லை. மானியம் நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் 2301ஆம் பகுதி தொகுப்பில் இருந்தது. வராத விண்ணப்பத்துக்கு எத்தனை படிகள், இல்லாத போட்டிக்கு எந்த முன்னுரிமை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. மாணவர்கள் இங்கேதான் கேட்பார்கள்: "சார், பணமே இல்லாதபோது விதி தானாகப் போகாதா?" போகாது. நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தலாம். விதியை வகுத்தது துறை, அதை எடுக்கவேண்டியதும் துறைதான். 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, ஒரு விதியை உண்டாக்குவது எப்படி ஒரு செயலோ, நீக்குவதும் அப்படி ஒரு செயல். அரசிதழில் அறிவித்து, காரணம் எழுதி, பொதுவாக மக்களின் கருத்தையும் கேட்கவேண்டும். எவருக்கும் உரிமையோ சுமையோ இல்லாத செத்த விதி என்றால், தக்க காரணத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பைத் தவிர்க்க இடமுண்டு. ஆனாலும் யாராவது உட்கார்ந்து எழுதியாகவேண்டும்.

தாமதத்தை எல்லாம் சோம்பல் என்று சொல்லிவிடவும் முடியாது. பத்து ஆண்டுக் கடமையை எண்ணிப் பாருங்கள். 2010இல் மானியம் வாங்கிய நிலையம் கருவியை நிறுவி முடிக்க ஓரிரு ஆண்டுகள் ஆகும். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள். ஆக 2020களின் தொடக்கம் வரை அந்த விதிகளுக்கு உயிர் இருந்தது. அதற்கு முன்பே அவசரப்பட்டு நீக்கியிருந்தால், பொதுப் பணத்தில் எழுந்த கோபுரத்தை ஒருவர் விற்றுக் காசாக்கும்போது எந்த விதியைக் காட்டித் தடுப்பது என்ற குழப்பம் வந்திருக்கும். காலக்கெடு முடிந்த பிறகும் வைத்திருப்பதுதான் தவறு. கிராமத்துச் சிறு நிலையம் ஒன்று பழைய டிரான்ஸ்மிட்டரைக் கழித்துக்கட்ட நினைக்கும். நிலையப் பொறுப்பாளர் விதியைப் புரட்டுவார், "அனுமதி பெறவேண்டும்" என்றிருக்கும். அது இன்னும் தன்னைக் கட்டுமா என்று கேட்க வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கவேண்டும். பெரிய நிலையத்துக்கு இது பொருட்டில்லை. விதியின் முதல் வரிசையில் யார் இருந்தார்களோ, அந்தச் சிறியவர்களுக்குத்தான் செத்த விதியும் சுமை. ஆகவே அதை நீக்குவது சரி என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். விதியை நீக்கினாலும் சட்டம் நீங்காது. தகவல் தொடர்புச் சட்டத்தின் அந்தப் பிரிவுகளை நாடாளுமன்றம் மட்டுமே எடுக்க முடியும். நாளை மீண்டும் பணம் ஒதுக்கினால், இன்றைய கருவிகளுக்கேற்ற புதிய விதிகளைத் துறை எழுதிக்கொள்ளலாம். விதி நீக்கத்தைத் திட்டத்தின் சாவு என்று எண்ணிச் சிலர் வருந்துவதுண்டு. திட்டம் நின்றது 2011இலேயே, நிதி ஒதுக்கீட்டு மேசையில்.

2025இல் நடந்ததையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கென ஒதுக்கிய 110 கோடி டாலரை அந்த ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அது நிலையங்களின் அன்றாடச் செலவுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் போன பணம். கருவி மானியம் வேறு, இது வேறு. ஆனால் தொலைதூர ஊரில் இருக்கும் ஒரு சிறு வானொலிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வந்து முடிகின்றன. டிரான்ஸ்மிட்டர் பழுதானால் புதிது வாங்க மத்திய மானியம் இல்லை. அதை இயக்குபவருக்குச் சம்பளம் கொடுக்க வந்த பங்கும் இல்லை. பழைய விதியை நீக்கியதால் அந்த ஊர் எதையும் இழக்கவில்லை, பெறவுமில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் மூன்று கட்டங்களாக வரைந்தேன்: சட்டம், விதி, பணம். ஒவ்வொன்றையும் யார் தொடங்கலாம், யார் நிறுத்தலாம் என்று மாணவர்களே எழுதினார்கள். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பெட்டி எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டாள்.

அந்த வாரமே கோப்பைத் தேடி எடுத்தேன். திட்டம் முடிந்த ஆண்டைக் குறிப்பிட்டு, நிபந்தனை இன்னும் நடப்பில் உள்ளதா என்று தெளிவுரை கேட்டும், இல்லையெனில் கழிவு செய்ய அனுமதி கேட்டும் அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டு நினைவூட்டுகளுக்குப் பிறகு ஆணை வந்தது. பெட்டி ஏலத்தில் நானூறு ரூபாய்க்குப் போனது. தொகையைக் கருவூலத்தில் செலுத்தி, பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே ஆணை எண்ணையும் நாளையும் சிவப்பு மையில் எழுதிக் கையொப்பமிட்டேன்.