எந்தக் குழந்தைக்கு ஆபத்து? ரத்தம் சொல்லும் பதில்

பெரம்பலூர் மாவட்டம் காரை பக்கம், மழை ஓய்ந்த மறுநாள் செம்மண் ஓடைகளில் இறங்கி நடந்தால் சுருள் சுருளாகக் கல் காலில் தட்டுப்படுவதுண்டு. அம்மோனைட் எனும் கடல் உயிரினத்தின் ஓடு அது. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தபோது நீந்தியது. அந்த உயிரினத்தை உயிரோடு பார்த்த மனிதர் எவருமில்லை. ஆனாலும் அது விட்டுப்போன ஓட்டை வைத்தே அந்தப் பாறை எந்தக் காலத்தது, அங்கே எப்படிப்பட்ட கடல் இருந்தது என்று புவியியலாளர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

குழந்தைகளுக்கு வரும் கடுமையான மலேரியாவிலும் மருத்துவர்களின் பாடு இதுதான். உயிரைப் பறிக்கும் ஒட்டுண்ணி பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. அது ரத்தத்தில் விட்டுச்செல்லும் சுவடுதான் கையில் கிடைக்கிறது. இப்படிப்பட்ட சுவடுகளுக்கு உயிர்க்குறிப்பான்கள் என்று பெயர். காய்ச்சலோடு வந்த பத்துக் குழந்தைகளில் எந்தக் குழந்தை நாளைக்குள் மோசமாகும் என்பதை இன்றே சொல்ல அவற்றால் முடியுமா? உலகெங்கும் ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கும் விடை இது.

நம் ஊரில் மலேரியாவா?

பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்விதான். இந்தியாவில் 2015-ல் 11.69 லட்சம் பேருக்கு மலேரியா பதிவானது. 2023-ல் அது 2.27 லட்சமாகக் குறைந்துவிட்டது. தமிழகத்தில் மலேரியா என்றாலே பல ஆண்டுகளாகச் சென்னையைத்தான் சொல்வார்கள். இங்கே அதிகம் காணப்படுவதும் விவாக்ஸ் வகைதான். உயிருக்கு அதிகம் ஆபத்தான ஃபால்சிபாரம் வகை குறைவு.

ஆனால் அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் இருக்கின்றன. வேலை தேடி வடமாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். நம் ஊர் லாரிகளும் மலேரியா உள்ள மாநிலங்களுக்குப் போய்வருகின்றன. கைவிடப்பட்ட பள்ளங்களில் தேங்கும் தெளிந்த நீர், கிராமப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசு முட்டையிடத் தோதானது. நோய் குறைந்த ஊருக்கென்று ஒரு தனி ஆபத்தும் உண்டு: அந்த நோய் யாருக்கும் நினைவுக்கு வராது. மலேரியா மிகுந்த பகுதியில் வளர்பவருக்கு ஓரளவாவது எதிர்ப்புத்திறன் இருக்கும். இங்கே பிறந்த குழந்தைக்கு அதுவும் இருக்காது.

ஒளிந்துகொள்ளும் கலை

ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து சுமார் 48 மணி நேரம் வளர்கிறது. முதல் பாதியில் சின்ன மோதிரம் போலத் தெரியும், ரத்தத்தோடு சுற்றிவரும். இரண்டாம் பாதியில் அது குடியிருக்கும் சிவப்பணுவின் மேல்தோல் முழுக்க நுண்ணிய முண்டுகள் முளைக்கின்றன. முண்டுகளின் மேலுள்ள புரதம், ரத்தக்குழாயின் உட்சுவரைப் பிசின் போலப் பற்றிக்கொள்கிறது. மூளை, குடல், நுரையீரல் என நுண்குழாய்கள் இருக்கும் இடமெல்லாம் இந்தச் சிவப்பணுக்கள் ஒட்டிக் கிடக்கும். சிவப்பணு வளைந்து நெளிந்துதான் புகமுடிகிற அளவுக்குக் குறுகலான குழாய்கள் அவை. நான்கைந்து அணுக்கள் ஒட்டிக்கொண்டாலே வழி அடைபடும்.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் இவை வராது. ரத்தத் தடவலை நுண்ணோக்கியில் பார்க்கும் லேப் டெக்னீஷியன், "பாரசைட் கொஞ்சம்தான் இருக்கு" என்று எழுதிக்கொடுக்கலாம். அவர் எழுதியதில் தவறில்லை. ஆனால் அதே நேரத்தில் குழந்தையின் மூளை நுண்குழாய்களில் அது குவிந்து கிடக்கலாம்.

ஒரு சிவப்புக் கோடு சொல்வது

இந்த இடத்தில்தான் சுவடு உதவிக்கு வருகிறது. மலேரியா துரிதப் பரிசோதனை அட்டையைப் பார்த்திருப்பீர்கள். விரலில் ஒரு குத்து, அட்டையின் குழியில் ஒரு துளி ரத்தம், அதன்மேல் சில சொட்டுத் திரவம். கால் மணி நேரத்தில் ஈரம் மெல்ல ஏறி, வெள்ளைப் பட்டையில் கோடு விழுகிறது. ஃபால்சிபாரத்துக்கான கோடு, ஹெச்.ஆர்.பி-2 எனும் புரதம் இருப்பதைக் காட்டுகிறது. ஒட்டுண்ணி தயாரிக்கும் புரதம் அது. சிவப்பணு வெடிக்கும்போது ரத்தத்தில் கொட்டிவிடும். ஒட்டுண்ணி மூளையில் ஒளிந்திருந்தாலும் குடலில் ஒளிந்திருந்தாலும், அது கொட்டிய புரதம் உடல் முழுக்கச் சுற்றும்.

அட்டை 'உண்டு', 'இல்லை' என்று மட்டும்தான் சொல்கிறது. ரத்தத்தின் பிளாஸ்மாவில் அதே புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், உடலில் மொத்தம் எவ்வளவு ஒட்டுண்ணி இருக்கிறது என்பதை மதிப்பிடலாம்.

இந்த அளவு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஆப்பிரிக்காவின் மலாவி நாடு கற்றுக்கொடுத்தது. அங்குள்ள பிளான்டயர் நகரில், மூளை மலேரியாவால் இறந்ததாகக் கருதப்பட்ட 31 குழந்தைகளுக்கு உடற்கூறாய்வு செய்தார்கள். முடிவுகள் 2004-ல் வெளியாயின. 31 பேரில் 7 பேரின் சாவுக்குக் காரணம் மலேரியா அல்ல, வேறு நோய். அவர்கள் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது உண்மை. மலேரியா மிகுந்த ஊரில் பல குழந்தைகளின் ரத்தத்தில் அது சும்மாவே இருக்கும். கிருமி இருப்பது வேறு, கிருமி கொல்வது வேறு. இந்த வேறுபாட்டைப் பிரித்துக்காட்ட விழித்திரையில் தெரியும் மாற்றங்கள் உதவுகின்றன. ஹெச்.ஆர்.பி-2 அளவும் உதவுகிறது.

இந்தக் குறிப்பானுக்கும் குறைகள் உண்டு. விவாக்ஸ் ஒட்டுண்ணி இந்தப் புரதத்தைத் தயாரிப்பதே இல்லை. விவாக்ஸ் சாதுவானது என்ற பழைய எண்ணமும் இன்று செல்லாது. ராஜஸ்தானின் பிகானேரில் அதனால் குழந்தைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஃபால்சிபாரத்திலேயே சில ஒட்டுண்ணிகள் இந்தப் புரதத்துக்கான மரபணுவை இழந்துவிட்டன. நோய் குணமான பிறகும் பல நாட்களுக்கு இந்தப் புரதம் ரத்தத்தில் தங்கியிருக்கும்.

உடல் அடிக்கும் மணி

அதனால் ஆய்வாளர்களின் கவனம் கிருமியிடமிருந்து குழந்தையின் உடல் பக்கம் திரும்பியது. நுண்குழாய் அடைபட்டால் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாது. அப்போது லாக்டேட் எனும் அமிலப்பொருள் சேரும். லிட்டருக்கு 5 மில்லிமோல் தொட்டால் அது கடுமையான மலேரியாவின் அடையாளங்களில் ஒன்று. சேர்ந்த அமிலத்தை வெளியேற்ற உடல் போராடுவதால்தான் குழந்தை ஆழ்ந்து, வேகமாக மூச்சு இழுக்கிறது. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே போவது இன்னோர் அபாயக்குறி.

ரத்தக்குழாய்ச் சுவரும் சேதி சொல்கிறது. அதன் உட்புறச் செல்களில் ஆஞ்சியோபாய்டின்-2 எனும் புரதம் சிறு பொதிகளாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கும். சுவர் சீண்டப்பட்டால் பொதிகள் அவிழ்ந்து புரதம் ரத்தத்தில் கலக்கும். குழாய் கசியத் தொடங்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் மிதமிஞ்சிக் கொதிக்கும்போது உதிரும் இன்னொரு புரதம் எஸ்-ட்ரெம்-1. உகாண்டாவின் ஜின்ஜா நகரில் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த 2,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இவற்றைச் சோதித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். எந்தக் குழந்தை இறக்கும் ஆபத்தில் இருக்கிறது என்பதை முன்கூட்டிச் சொல்வதில் எஸ்-ட்ரெம்-1 முன்னணியில் நின்றது. காய்ச்சலுக்குக் காரணம் மலேரியாவா, வேறு தொற்றா என்று அது பார்ப்பதில்லை.

நமக்கு மிகவும் வேண்டியது இந்தக் குணம்தான். பெரம்பலூரில் ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு டெங்குவாக இருக்கலாம். உண்ணிக் காய்ச்சல் எனும் ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். அபூர்வமாக மலேரியாவாகவும் இருக்கலாம். டெங்குவில் நாம் தட்டணு எண்ணிக்கையையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம். காய்ச்சல் இறங்கும் வேளையில் வரும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தம் கெட்டியாவது ஆகியவையே அதைவிட முக்கியமான எச்சரிக்கைகள். இந்த நோய்கள் மூன்றுமே முற்றினால் ரத்தக்குழாய்ச் சுவரைத்தான் தாக்குகின்றன. காய்ச்சலின் பெயர் தெரியும் முன்பே, எந்தக் குழந்தையை உடனே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ஒரு சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால் எத்தனை உயிர் தப்பும்!

நேரம்தான் மருந்து

முன்கூட்டித் தெரிந்தால் செய்வதற்கு வழி இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு தேடலும். ஒடிசாவின் ரூர்கேலா உள்ளிட்ட ஆசிய மருத்துவமனைகளில் கடுமையான மலேரியா நோயாளிகள் 1,461 பேரிடம் ஆர்ட்டிசுனேட் ஊசியையும் பழைய குயினைனையும் ஒப்பிட்டார்கள். குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். இது 2005-ல். ஆப்பிரிக்காவில் 5,425 குழந்தைகளிடம் நடந்த ஆய்வும் 2010-ல் ஆர்ட்டிசுனேட்டையே உறுதிசெய்தது. ஆனால் மூளை வீங்கிவிட்டால் மருந்து மட்டும் போதாது. பிளான்டயரில் மூளை மலேரியாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 168 குழந்தைகளில் 25 பேர் இறந்தார்கள். அவர்களில் 21 பேருக்குச் சேர்க்கும்போதே மூளை கடுமையாக வீங்கியிருந்தது.

கையில் இருப்பதைக் கொண்டு

எஸ்-ட்ரெம்-1 சோதனை நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது வரட்டும். அதுவரை கையில் இருப்பதே நிறைய. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெரியவர்களின் சர்க்கரையைப் பார்க்க வீட்டு வாசலுக்கே வரும் அந்தச் சின்னக் கருவி, காய்ச்சலில் துவண்ட குழந்தையின் சர்க்கரையையும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடும். லாக்டேட் அளக்கவும் அதேபோன்ற கைக்கருவி இருக்கிறது. ஒரு துளி ரத்தம் போதும்.

அதற்கும் முன்னால் தாயின் கண் இருக்கிறது. கென்யாவின் கிலிஃபியில் மலேரியாவோடு சேர்ந்த 1,844 குழந்தைகளைக் கவனித்தார்கள். இறந்த 64 பேரில் 54 பேரிடம் நினைவு மங்கலோ, மூச்சுத் திணறலோ, இரண்டுமோ இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் நம் வீடுகளில் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி?" என்றுதான். அதோடு இன்னும் சில கேள்விகளையும் சேர்த்துக்கொள்வோம். "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்குதா? பால் குடிக்குதா? மூச்சு எப்படி இழுக்குது? வெளியூர் எங்கேயாவது போய் வந்தீங்களா? வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?" கடைசி இரண்டு கேள்விகளும் மலேரியாவை நினைவுக்குக் கொண்டுவரும்; முதல் மூன்றும் 108-ஐ அழைக்க வேண்டிய நேரத்தைச் சொல்லும். கிராமத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அந்த ஒரு மணி நேரம் எந்தக் குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினை என்று, வண்டி கிளம்பும் முன்பே தெரிந்தாக வேண்டும்.