பட்டையின் வளைவு

காலியாக நிற்கும் புது பிக்கப்பின் பின்பக்கம் சற்றுத் தூக்கியிருக்கும். சரக்கு ஏறியதும் தாழ்ந்து மட்டத்துக்கு வரட்டும் என்று கணக்கிட்டு வைத்த உயரம் அது. அதே வண்டி தாராவிக்கும் செம்பூருக்கும் பத்து வருடம் சுமை அடித்த பிறகு காலியாக இருக்கும்போதே மட்டமாகிவிடும். அதன்மேல் சரக்கு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்து முகம் வானத்தைப் பார்க்கும். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். "அண்ணாச்சி, வண்டி உக்காந்துட்டு" என்று திருநெல்வேலித் தமிழில் சொல்லப்பட்ட புகார் இதுதான். அன்றும் இன்றும் நோய் ஒன்றே. வைத்தியம் மாறிவிட்டது.

1958-இல் தொடங்கிய பஜாஜ் டெம்போ கம்பெனியின் மூன்று சக்கர ஹான்சியட்டும், 1969-இல் வந்த மேட்டடாரும் மும்பையில் சின்னச் சரக்கு வண்டி எல்லாவற்றுக்கும் டெம்போ என்ற பெயரை நிலைக்க வைத்தன. பிறகு 1986-இல் டாடா 407. தாராவியில் தோல், கும்பர்வாடாவில் பானை, 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் கழிவு, மாட்டுங்கா மார்க்கெட்டில் காய்கறி என்று வண்டிக்கு ஏற்றதை விடக் கூடுதலாகவே ஏறியது. ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எடையை அன்று யாரும் பெரிதாக மதித்ததாக நினைவில்லை. உட்கார்ந்த வண்டியை நிமிர்த்துவது டயர் மாற்றுவதைப் போலச் சாதாரண வேலையாக இருந்தது.

அந்த வேலைக்கு வேண்டியவை ஒரு ஜாக்கி, பெரிய சுத்தியல், ரயில் தண்டவாளத் துண்டுகள் இரண்டு, இரண்டு ஆட்கள். யூ போல்ட்டைக் கழற்றி, எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்கை இறக்குவார்கள். சென்டர் போல்ட்டை விடுவித்தால் பட்டைகள் தனித்தனியாக வரும். இரு முனையிலும் கண் சுருட்டிய நீளமான தாய்ப் பட்டையைத் தரையில் வைத்து அதன் வளைவைச் சாக்பீஸால் வரைவார்கள். பக்கத்திலேயே வேண்டிய வளைவை இன்னொரு கோடாக இழுப்பார்கள். தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே பாலம்போலப் பட்டையைக் குழிவு மேலே இருக்கும்படி வைத்து, ஒருவர் அங்குலம் அங்குலமாக நகர்த்த, மற்றவர் அடிப்பார். சாக்பீஸ் கோட்டில் பொருந்தும்வரை அடி நிற்காது. கீழே போகப் போகப் பட்டை குட்டையாகும், வளைவு கொஞ்சம் கூடும். அப்போதுதான் சென்டர் போல்ட்டை இறுக்கும்போது ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். அந்தக் கூடுதல் எவ்வளவு என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. அடிப்பவரின் கண்தான் அளவு.

மாட்டும் முன் பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவுவார்கள். காசு போதாதவருக்குக் கழித்த எஞ்சின் ஆயில். மும்பையின் நான்கு மாத மழையில் பட்டைகளின் இடுக்குத் துருவே பாதி வளைவைத் தின்றுவிடும் என்பதால் இது வீண் சடங்கு அல்ல. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் இன்னும் மலிவான வழி ஒன்று உண்டு. இடப்பக்க ஸ்பிரிங்கை வலப்பக்கமும் வலப்பக்கத்தை இடப்பக்கமும் மாற்றிப் போடுவது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், ஒரு பகல் கூலி போதும். எனக்குத் தெரிந்த சிக்கன வித்தைகளில் இதற்கு இணையானது வேறில்லை.

அந்தக் கைவேலையின் புகழை மட்டும் பாடினால் பொய்யாகும். தொழிற்சாலையில் ஸ்பிரிங் எஃகை 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதம் வைக்கிறார்கள். மேற்பரப்பில் சிறு எஃகு மணிகளை வீசி உறுதிப்படுத்துகிறார்கள். பட்டறையில் இதில் எதுவும் கிடையாது. குளிர்ந்த பட்டையை அடித்துப் பெற்ற உயரம் சில மாதங்களில் இறங்கிவிடும். உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்தாலோ பதமே போய்விடும். சுத்தியல் பட்ட தழும்பில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும். வண்டிக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அடுத்த தீபாவளிவரை தாங்கினால் போதும் என்ற கணக்கில் கொடுத்த கூலி அது.

2005-இல் டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாட்டில் குட்டியானை, இங்கே சோட்டா ஹாத்தி. 702 சி.சி. எஞ்சின், முக்கால் டன் சுமை. தாராவிச் சந்துகளுக்கென்றே அளவெடுத்தாற்போல் இருந்த அந்த வண்டியின் பின்பக்கம் பழைய மாதிரிப் பட்டை அடுக்குதான். முன்பக்கம் பரபோலிக் ஸ்பிரிங். நடுவில் தடித்து முனைகளை நோக்கி மெலியும் ஓரிரு பட்டைகளே முன்பு ஓர் அடுக்கு செய்த வேலையைச் செய்கின்றன. எடை குறைவு, உரசல் குறைவு, ஓட்டுபவரின் முதுகுக்கு இதம். ஆனால் இதைத் தண்டவாளத் துண்டின்மேல் வைத்து அடிக்க முடியாது. தடிப்பின் கணக்கே அதன் உயிர். தளர்ந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே இன்று வேலை அளப்பதில் தொடங்குகிறது. சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் பிடிக்கிறார்கள். அரை அங்குல வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் முதலில் ஸ்பிரிங் கண்ணில் உள்ள புஷ், அதைச் சட்டத்தோடு கோக்கும் ஷாக்கிள். அதன் பிறகும் சரியாகவில்லையென்றால் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது, அல்லது முழு செட்டையே மாற்றுவது. எதுவானாலும் இரு பக்கமும் ஒன்றாக. யூ போல்ட் புதிது போட்டு, சில நாள் ஓடிய பின் மறுபடி இறுக்கச் சொல்கிறார்கள். அன்று பழைய யூ போல்ட்டையே தட்டி நிமிர்த்தி மாட்டினார்கள். அன்று செலவில் பெரும்பகுதி கூலி. இன்று பெரும்பகுதி சாமான்.

சாய்வுக்குப் புதுக் காரணமும் ஒன்று சேர்ந்திருக்கிறது. 1999-இல் தொடுக்கப்பட்ட புகை வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவுகளுக்குப் பின் பழைய வாடகை வண்டிகள் பல சி.என்.ஜி.க்கு மாறின. 60 லிட்டர் எஃகு சிலிண்டர் ஒன்றே ஏறத்தாழ 60 கிலோ. வண்டிச் சட்டத்தின் ஒரு பக்கமாக அதைக் கட்டினால், காலியாக ஓடும்போதும் ஓர் ஆள் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் கணக்கு. காற்று சுத்தமானதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்தப் பக்கத்துப் பட்டைகளைத் தவிர.

தேய்ந்து முறிந்த பட்டைக்கு முன்பு இரண்டாம் வாழ்வு இருந்தது. லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்குத் தெற்கத்தி ஊர்களில் இருக்கும் மதிப்பு தாராவித் தமிழருக்கும் தெரியும். இப்போது அது எடைக்குப் போகிறது. குர்லா சி.எஸ்.டி. சாலையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பட்டை கிடைக்கும். ஆனால் எத்தனை லட்சம் முறை வளைந்து களைத்த எஃகு அது என்று வாங்குபவரால் சொல்ல முடியாது. கைக்காசு குறைவானவர் ஸ்பிரிங்கில் மட்டும் பழையதை நாடாமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

அதைவிடக் கடினமான கணக்கு வண்டியின் வயது. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல், 15 ஆண்டு தாண்டியவற்றுக்கு அந்தக் கட்டணம் பல மடங்கு உயர்ந்தது. ஓட்டை டெம்போவை ஆண்டுக்கொரு முறை அடித்து நிமிர்த்தி ஓட்டியவருக்கு, வண்டி எப்போது போதும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கையில் இருந்தது. பிரேக் பிடிக்காத, நிமிராத வண்டிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே ஓடியதும் அதே உரிமையில்தான். இன்று பதினான்காவது ஆண்டில் இருக்கும் ஏஸின் சொந்தக்காரர் டேப்போடு காலண்டரையும் பார்க்கிறார். மிச்சம் ஓராண்டுதான் என்றால் முழு செட் கட்டுப்படியாகாது. கூடுதலாக ஒரு பட்டை, புது புஷ், புது யூ போல்ட் போட்டுக்கொண்டு, முக்கால் டன்னுக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றாமல் ஓட்டுவார்.