முருகைக்கல்லில் எத்தனை துணிக்கைகள்?

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவில் இறங்குபவரின் கண்ணில் மதில்கள் படாமல் போகாது. சாந்து கிடையாது, முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கல்லில் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. உள்ளங்கைக்குள் அடங்கும் 10 கிராம் துண்டொன்றில் எத்தனை கல்சியம் அயன்கள் இருக்கும்?

எண்ண முடியாது; நிறுக்கலாம். ஆணியை எவரும் எண்ணி வாங்குவதில்லை. ஓர் ஆணியின் நிறை தெரிந்தால் போதும், பொட்டலத்தை நிறுத்தே எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். துணிக்கைகளுக்கும் அதே கணக்குத்தான். கட்டு மட்டும் பெரியது. 6.02214076 × 10²³ துணிக்கைகள் ஒரு மூல். 2019 மே 20 முதல் இதுதான் வரையறை. அதற்கு முன் 12 கிராம் காபன்-12 இல் உள்ள அணுக்களின் தொகையை வைத்துச் சொன்னார்கள். அவகாதரோ என்ற விஞ்ஞானியின் பெயரைத் தாங்கினாலும் இந்த எண்ணை அவர் கணித்ததில்லை. அவர் 1856 இல் இறந்தார். மூலக்கூறின் பருமனை மதிப்பிட்டு லொஷ்மித் என்ற விஞ்ஞானி அதற்கு வழி திறந்தது 1865 இல்.

மாணவர்கள் இந்த எண்ணை மனனம் செய்தே களைத்துப்போகிறார்கள். உண்மையில் வேலை செய்வது சார் அணுத்திணிவு அட்டவணைதான். கல்சியம் 40, காபன் 12, ஒட்சிசன் மூன்றுக்கு 48: கூட்டினால் 100. ஆகவே தூய கல் 100 கிராம் ஒரு மூல். நம் 10 கிராம் 0.1 மூல். அதில் கல்சியம் அயன்கள் 6.02 × 10²², ஒட்சிசன் அணுக்கள் அதைப்போல் மூன்று மடங்கு.

ஆனால் தீவுக்கல் தூயதல்ல. மணலும் மண்ணும் கலந்திருக்கும். எனவே கல்லைக் கழுவி, உலர்த்தி, பொடித்து, தராசின்மேல் இருக்கும் ஐதரோக்குளோரிக் அமிலக் குடுவைக்குள் கொட்ட வேண்டும். சீறிக்கொண்டு நுரைக்கும், காபனீரொட்சைட்டு வெளியேற வெளியேறத் தராசின் எண் இறங்கும். ஒரு மூல் காபனேற்றுக்கு ஒரு மூல் வாயு, அதாவது 44 கிராம். 4.18 கிராம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அது 0.095 மூல். அப்படியானால் 10 கிராமில் 9.5 கிராம்தான் காபனேற்று. மிச்சம் வேறு சரக்கு.

குடுவையின் வாயில் பஞ்சு அடைக்காவிட்டால் அமிலத் துளிகளும் தெறித்துப் பறக்கும், எண்ணிக்கை கூடிப்போகும். கரைசலிலேயே வாயு கொஞ்சம் தங்கினால் குறைந்துபோகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மக்னீசியம் காபனேற்று கலந்திருந்தால் அதுவும் இதே வாயுவைத்தான் விடும். தராசுக்கு வேறுபாடு தெரியாது. அப்போது கரைசலை, உலோக அயன்களைப் பிணைக்கும் ஈ.டி.டி.ஏ. கொண்டு நியமிப்புச் செய்வார்கள். காரத்தன்மையை பி.எச். 12 க்கு மேல் உயர்த்தினால் மக்னீசியம் ஐதரொட்சைட்டாகப் படிந்துவிடும். கல்சியம் மட்டும் ஈ.டி.டி.ஏ.யுடன் ஒன்றுக்கொன்றாகச் சேரும்.